ஆட்டு மருந்தும் அக்காவின் கல்லீரலும்

தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கால்நடை உதவி மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெள்ளாடு, செம்மறி, மாடு, நாய் என்று எத்தனை உயிர்களுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்திருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் பூச்சி மருந்து. மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை, ஆட்டின் கடைவாயைத் திறந்து ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது. அப்படி ஊற்றிப் பழகிய மருந்துகளுள் ஒன்றான ஃபென்பென்டசோலை, 2023ஆம் ஆண்டில், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த என் சொந்த அக்காவுக்கு, அவளுடைய மருத்துவருக்குத் தெரியாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும், படித்துவிட்டு முடிவெடுத்திருக்க வேண்டியதைத் தலைகீழாகச் செய்ததையும் இங்கே எழுதுகிறேன்.

அக்காவுக்கு அப்போது 66 வயது. பெருங்குடலில் கட்டி, அறுவை சிகிச்சை முடிந்திருந்தது, கல்லீரலில் இரண்டு இடங்களுக்குப் பரவியிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அன்று தொடங்கி 14 நாள் கேப்சிடபின் மாத்திரை. பிறகு ஒரு வாரம் ஓய்வு. இப்படி ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் சோதித்து, எண்கள் சரியாக இருந்தால்தான் கீமோ ஏற்றுவார்கள். முதல் சுற்று முடிந்த வாரத்தில் பெங்களூரிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான்.

“மாமா, ஃபென்பென்டசோல் உங்க மருந்துதானே? ஆட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கிறதுதானே? அம்மாவுக்குக் கொடுத்தா என்ன கெட்டுப்போகும்?”

அவன் அனுப்பிய காணொளி, அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஜோ டிப்பன்ஸ் என்பவரைப் பற்றியது. 2016இல் அவருக்கு நுரையீரலில் சிறு செல் வகைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. உடல் முழுவதும் பரவியிருந்தது. நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மருந்தை எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை. 2019இல் இந்தக் கதை உலகம் முழுவதும் பரவியது. அவர் அதே காலத்தில் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தின் ஆய்வில் சேர்ந்திருந்தார் என்பது காணொளியில் ஒரு வாக்கியமாகக் கடந்து போனது. நானும் அதைக் கேட்டேன். கேட்டும் காதில் ஏறவில்லை.

நான் ஏன் நம்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படிக்காதவர்கள்தான் இதில் விழுவார்கள் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. என்னை விழவைத்ததே என் படிப்புதான். ஃபென்பென்டசோல், மெபென்டசோல், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அல்பென்டசோல் ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். புழுவின் செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதம் கோத்துக்கொண்டு நுண்குழாய்களாக நிற்கும்; இந்த மருந்து அந்தக் கோர்வையைக் குலைத்துவிடும்; புழு சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் பட்டினியால் சாகும். மனிதச் செல் இரண்டாகப் பிரியும்போதும் குரோமோசோம்களை இழுத்துப் பிரிப்பது இதே நுண்குழாய்கள்தான். வின்கிரிஸ்டின், பாக்லிடாக்சல் போன்ற பழைய புற்றுநோய் மருந்துகளும் டியூபுலினில்தான் கைவைக்கின்றன. ஆகவே மருமகன் கேட்டது மூடத்தனமான கேள்வி அல்ல என்று எனக்குத் தெரிந்தது. அதோடு, ஆயிரக்கணக்கான ஆடுகளுக்குக் கொடுத்து ஒன்றும் ஆகாததைக் கண்ணால் பார்த்தவன் என்ற தெம்பும் சேர்ந்துகொண்டது. ஆட்டுக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வேளை, நாய்க்கு மூன்று நாள். வாரக்கணக்கில் எந்த விலங்குக்கும் நான் கொடுத்ததில்லை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

புறாக்களும் நினைவுக்கு வரவில்லை. புறா வகைப் பறவைகளுக்கு ஃபென்பென்டசோல் நஞ்சு என்பது கால்நடை மருத்துவத்தில் நன்கு பதிவான செய்தி. குடலின் உட்சுவரும் எலும்பு மச்சையும் சேதமடைந்து, இரத்த அணுக்கள் குறைந்து இறந்துபோகும். பந்தயப் புறா வளர்க்கும் பையன் ஒருவன் ஆட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்துவிட்டு, ஒரு கூடை நிறையச் செத்த புறாக்களோடு மருந்தகத்து வாசலில் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். குடலும் மச்சையும் உடம்பில் வேகமாகச் செல்கள் பிரியும் இடங்கள். கீமோ முதலில் அடிப்பதும் அதே இடங்களைத்தான். ஒரு மருந்து புற்றுச் செல் பிரிவதைத் தடுக்கும் அளவுக்கு உடம்பில் சேருமானால் மச்சையை மட்டும் விட்டுவைக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. மச்சையைத் தொடாத அளவில்தான் இருக்கிறது என்றால், புற்றைத் தொடும் என்று நம்பவும் காரணம் குறைவு. இதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டியவன் நான்.

யோசிக்காமல், மற்ற மருந்து எதுவும் கலக்காத மாத்திரையாகத் தேடி வாங்கினேன். நாய்க்கான மாத்திரைகள் பலவற்றில் பைரான்டெல், பிராசிகுவான்டெல் என்று வேறு இரண்டு மருந்துகளும் சேர்ந்திருக்கும்; அதைத் தவிர்த்ததே பெரிய கவனம் என்று அப்போது பெருமைப்பட்டேன். அட்டையின் பின்புறம் கால்நடைகளுக்கு மட்டும் என்று அச்சிட்டிருந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டு, “தம்பி கொடுத்தா சரிதான்” என்றாள்.

இரண்டாம் சுற்று முடிந்தபின் சி.இ.ஏ. என்ற புற்றுக் குறியீடு 86இலிருந்து 31ஆக இறங்கியது. மருமகன் அழாத குறையாக அழைத்து, “மாமா, வேலை செய்யுது” என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை ஊருக்கெல்லாம் சொல்லியவன், என் வீட்டுப் பனையில் காகம் உட்கார்ந்தபோது அண்ணாந்து காகத்தைத்தான் பார்த்தேன். அந்த வகைப் புற்றுநோய்க்கு உலகம் முழுவதும் கொடுத்து நிரூபிக்கப்பட்ட கீமோ இரண்டு சுற்று உள்ளே போயிருந்தது. குறியீடு இறங்குவதற்கு அதுவே போதுமான காரணம். ஆனால் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்ததற்கு நாங்கள் யாரும் நன்றி சொல்லவில்லை.

நான்காம் சுற்றுக்கு முந்தைய இரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி 312 என்று வந்தது. நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எண். மஞ்சள் காமாலைக்கான அளவும் சற்று ஏறியிருந்தது. மருத்துவர் கீமோவை நிறுத்திவைத்துவிட்டு, கல்லீரலில் கட்டி வளர்கிறதா என்று ஸ்கேன் எழுதினார். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் சோதனை எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டு, சித்த மருந்து, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பொடி ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

அன்று சொல்லவில்லை. ஸ்கேனுக்கும் வைரஸ் சோதனைக்கும் பணம் கட்டி, இரண்டு நாள் அலைந்து, இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று வந்தபிறகுதான், தனியாகப் போய் மாத்திரை அட்டையை மருத்துவரின் மேசைமேல் வைத்தேன். நான் கால்நடை மருத்துவர் என்பதையும் சொன்னேன். அந்த அம்மையார் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, எந்தத் தேதியில் தொடங்கியது, வாரத்தில் எத்தனை நாள், கடைசியாக எப்போது என்று கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதி, அட்டையின் ஒரு துண்டைக் கத்தரித்து அதோடு பின் குத்தி வைத்தார். பிறகு ஒன்று சொன்னார்: “இப்போது இது கீமோவால் ஏறியதா, இந்த மாத்திரையால் ஏறியதா, இரண்டும் சேர்ந்தா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதுதான் பிரச்சினை.”

மாத்திரையை நிறுத்தினோம். மூன்றரை வாரத்தில் எண் 50க்கு அருகில் இறங்கியது. கீமோ அளவைக் குறைத்து மறுபடி தொடங்கினார்கள். ஆக்சாலிபிளாட்டினும் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துதான், ஆகவே ஃபென்பென்டசோல்தான் குற்றவாளி என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நான் பிறகு படித்த ஒரு பதிவு என்னைத் தூங்கவிடவில்லை. ஜப்பானில் 80 வயதுப் பெண்மணி ஒருவர், பெம்ப்ரோலிசுமாப் எடுத்துக்கொண்டிருந்தவர், இணையத்தில் பார்த்து ஃபென்பென்டசோலும் சேர்த்து எடுத்தார். கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மருத்துவர்கள் முதலில் பெம்ப்ரோலிசுமாப்பைத்தான் சந்தேகித்தார்கள். பெண்மணி உண்மையைச் சொல்லி ஃபென்பென்டசோலை நிறுத்தியதும் கல்லீரல் தானாகத் தேறியது. கட்டி சுருங்கவும் இல்லை. 2021இல் வெளியான அந்தப் பதிவைப் படித்தபோது, டிப்பன்ஸ் எடுத்ததும் இதே இரண்டு மருந்துகள் என்பது எனக்கு உறைத்தது. அவருக்குக் கட்டி மறைந்தபோது புகழ் நாய் மருந்துக்குப் போனது. இந்த அம்மாவுக்குக் கல்லீரல் கெட்டபோது பழி மருத்துவமனை மருந்துக்குப் போனது. இரண்டைக் கலந்துவிட்டால் வரவையும் செலவையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் போய்விடுகிறது.

அந்தக் கேள்வியோடுதான் நான் மேலே படித்தேன். படிக்கப் படிக்க, பூச்சி மருந்துக்கும் புற்றுநோய்க்குமான உறவு புதிதே அல்ல என்று தெரிந்தது. என் பணிக்காலத்தின் தொடக்கத்தில் செம்மறி ஆடுகளுக்கு நாங்கள் அதிகம் பயன்படுத்திய லெவாமிசோல், அமெரிக்காவில் 1990இல் முறைப்படி ஒப்புதல் பெற்ற புற்றுநோய் மருந்து. எனக்கு இது அதுவரை தெரியாது. அது நோயெதிர்ப்பைத் தூண்டும் என்ற நம்பிக்கையில், பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடம் சோதித்தார்கள். மேயோ கிளினிக்கின் சார்லஸ் மோர்டெல் தலைமையில் நடந்த ஆய்வில் 1,296 பேர் இருந்தார்கள். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தவர்களில், ஃப்ளூரோயூராசில் என்ற கீமோவும் லெவாமிசோலும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு, ஒன்றும் பெறாதவர்களைவிட நோய் திரும்புவது 41 விழுக்காடும் மரணம் 33 விழுக்காடும் குறைந்தது. பெரிய வெற்றி. அக்காவின் நோய்தான், ஆட்டு மருந்துதான், ஆயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களிடம் சோதித்ததுதான். மருமகனுக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அந்த ஆய்வில் பிரிவுகள் மூன்று: மருந்தே இல்லாதவர்கள், லெவாமிசோல் மட்டும் பெற்றவர்கள், இரண்டும் பெற்றவர்கள். லெவாமிசோல் மட்டும் பெற்றவர்களுக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. கீமோ மட்டும் பெற்றவர்கள் என்று ஒரு பிரிவே இல்லை. இரண்டு மாடு பூட்டிய ஏரில், ஒரு மாட்டைத் தனியாக ஓட்டிப் பார்த்தாயிற்று, அது நகரவில்லை. மற்றொரு மாட்டைத் தனியாக ஓட்டிப் பார்க்காமலே இரண்டுக்கும் சேர்த்துப் பாராட்டு வழங்கியாயிற்று. பத்தாண்டு கழித்து, 2000இல், பிரிட்டனில் நடந்த குவாசர் என்ற ஆய்வு 4,927 பேரிடம் அந்த விடுபட்ட கேள்வியைக் கேட்டது. எல்லாருக்கும் கீமோ, பாதிப் பேருக்கு லெவாமிசோல், மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. மூன்றாண்டு முடிவில் லெவாமிசோல் பெற்றவர்களில் 69.4 விழுக்காட்டினரும், மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களில் 71.5 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். ஏரை இழுத்தது முழுக்க முழுக்கக் கீமோ. லெவாமிசோலோ வெள்ளணுக்களைத் திடீரென அடியோடு குறைத்துவிடும் ஆபத்தும் கொண்டது; அமெரிக்கச் சந்தையிலிருந்து அதே 2000இல் விலக்கப்பட்டது.

காப்புரிமை முடிந்த மலிவு மருந்து என்பதால் கம்பெனிகள் இதை மறைக்கின்றன என்று மருமகன் அடிக்கடி சொல்லுவான். இதில் பாதி உண்மை. லாபம் இல்லாத மருந்தைச் சோதிக்க எந்தக் கம்பெனியும் ஓடிவருவதில்லை. ஆனால் லெவாமிசோலின் கதை மறுபாதியைச் சொல்கிறது. ஆட்டுக்கு விற்ற அதே மருந்தைப் புற்றுநோயாளிக்கு ஏறக்குறைய நூறு மடங்கு விலைக்கு விற்றார்கள்; மோர்டெலே 1992இல் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆட்டு மருந்தில் காசு இருப்பது தெரிந்தால் கம்பெனிகளுக்குக் கூச்சம் எதுவும் இருப்பதில்லை.

இனி மெபென்டசோலுக்கு வருகிறேன். ஃபென்பென்டசோலின் சகோதரி, மனிதர்களுக்கு ஒப்புதல் பெற்றது என்பதால் முறையான ஆய்வுகள் இதில்தான் நடந்திருக்கின்றன. இதன் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சம்பவம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் எலிகளுக்கு மூளைக் கட்டியை வளர்க்க முயன்றார்கள். ஒரு தொகுதி எலிகளில் கட்டி வளரவே இல்லை. விசாரித்தபோது, அந்த எலிகளுக்கு ஊசிப்புழு இருந்ததால் ஃபென்பென்டசோல் கொடுத்திருந்தது தெரியவந்தது. அங்கிருந்து மெபென்டசோலுக்குப் போய், எலிகளின் ஆயுள் நீண்டதை 2011இல் வெளியிட்டார்கள். எலிக்கு வைத்தியம் பார்த்த ஏதோ ஒரு கால்நடை மருத்துவரால் தொடங்கிய ஆராய்ச்சி என்று எனக்குள் ஒரு அற்பப் பெருமை.

எலியிலிருந்து மனிதனுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டி திரும்ப வந்த 88 பேரை இரண்டு பிரிவாக்கி, வெவ்வேறு கீமோவோடு மெபென்டசோலை மிக உயர்ந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்பது மாத முடிவில் 55 விழுக்காட்டினராவது உயிரோடு இருந்தால் மேலே தொடரலாம் என்று முன்கூட்டியே எல்லை வகுத்திருந்தார்கள். இரண்டு பிரிவுகளில் எதுவும் அந்த எல்லையை எட்டவில்லை. 2022இல் அதை அப்படியே வெளியிட்டார்கள்.

ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்தது இதைவிடக் கவனிக்க வேண்டியது. 2014இல் அங்குள்ள மருத்துவர்கள் 74 வயது நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார்கள். பெருங்குடல் புற்றுநோய், கீமோ பலிக்காத நிலை. மெபென்டசோல் மட்டும் ஆறு வாரம். நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருந்த கட்டிகள் ஏறக்குறைய மறைந்தன. இங்கே வேறு மருந்து கலக்கவில்லை, ஆகவே டிப்பன்ஸ் கதையைவிட வலுவானது. கல்லீரல் நொதிகள் ஏறியதால் மருந்தை இடையில் நிறுத்த வேண்டிவந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. இணையத்தில் இன்றும் சுற்றும் சான்று இதுதான். ஆனால் அதே மருத்துவர்கள் அந்த ஒரு நோயாளியோடு நிற்கவில்லை. உணவுப்பாதைப் புற்றுநோய் முற்றிய பத்துப் பேருக்கு, ஒவ்வொருவரின் இரத்தத்திலும் மருந்து எவ்வளவு சேர்கிறது என்று அளந்து அளந்து, நாளொன்றுக்கு நான்கு கிராம் வரை கொடுத்தார்கள். ஐந்து பேருக்குத்தான் இரத்தத்தில் குறிவைத்த அளவு எட்டியது. பத்துப் பேருக்கும் நோய் வளர்ந்தது. ஒருவருக்கும் பயன் தெரியவில்லை. 2021இல் இதையும் அவர்களே வெளியிட்டார்கள். முதல் நோயாளியின் கதையைப் பகிர்ந்தவர்கள் யாரும் இந்தப் பத்துப் பேரைப் பகிர்ந்து நான் பார்த்ததில்லை.

ஐவர்மெக்டின் என்ற மற்றொரு பூச்சி மருந்தைப் பற்றிக் கேட்பவர்கள் கொரோனாவுக்குப் பிறகு மிகுதி. ஜப்பானின் சத்தோஷி ஒமுரா மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரில் பிறந்த மருந்து. ஆற்றுக் குருடு நோயிலிருந்து ஆப்பிரிக்காவில் எண்ணற்றவர்களின் கண்களைக் காத்தது. 2015இல் ஒமுராவுக்கும் வில்லியம் கேம்பெல்லுக்கும் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. இந்த மருந்தை நான் குறைசொல்ல மாட்டேன். புற்றுநோய் விஷயத்தில் இதன் சிக்கல் எளிய பெருக்கல் கணக்கு. ஆய்வகக் கிண்ணத்தில் புற்றுச் செல்களைக் கொன்றதாகச் சொல்லும் பல ஆய்வுகளில், ஒரு மில்லி திரவத்துக்கு நான்காயிரம் நானோகிராமுக்கு மேல் மருந்து இருந்தது. மனிதன் வழக்கமான அளவை விழுங்கினால் இரத்தத்தில் சேர்வது நாற்பது, ஐம்பது நானோகிராம். நூறு மடங்கு இடைவெளி. பத்து மடங்கு அளவு விழுங்கவைத்துப் பார்த்த ஆய்விலும் சில நூறைத் தாண்டவில்லை. கிண்ணத்தில் ஊற்றினால் உப்பும்கூடச் செல்லைக் கொல்லும். கோலி இன நாய்கள் சிலவற்றுக்கு மூளையைக் காக்கும் தடுப்பில் மரபுக் குறை உண்டு. மற்ற நாய்கள் தாங்கும் ஐவர்மெக்டின் அளவு அவற்றின் மூளைக்குள் புகுந்து கோமாவில் தள்ளிவிடும். நூறு மடங்கு இடைவெளியை விழுங்கியே கடந்துவிடலாம் என்று எண்ணுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தென்கொரியாவில் 2019இல் டிப்பன்ஸின் கதை பரவியபோது கடைகளில் நாய் மருந்து தீர்ந்துபோனது. அரசு எச்சரித்தும் கேட்பாரில்லை. நுரையீரல் புற்றுநோய் கொண்ட நகைச்சுவைக் கலைஞர் கிம் சுல்-மின், தான் அதை எடுத்துக்கொள்வதை வெளிப்படையாகப் பதிவிட்டு வந்தார். சில மாதங்கள் கழித்து, பயன் இல்லை என்று அவரே சொல்லி நிறுத்தினார். 2021 டிசம்பரில் காலமானார். 2025 ஜனவரியில் ஹாலிவுட் நடிகர் மெல் கிப்சன், இத்தகைய மருந்துகளை எடுத்து நான்காம் நிலைப் புற்றுநோயிலிருந்து மீண்டதாக மூன்று நண்பர்களைப் பற்றி ஒரு நேர்காணலில் பேசியபோது எனக்குக் கிம்தான் நினைவுக்கு வந்தார். மீண்டவர்களின் கதையை நண்பர்கள் சொல்வார்கள். மீளாதவர்களின் கதையைச் சொல்ல ஒரு கிம் வேண்டியிருக்கிறது.

பழைய மருந்துக்குப் புது வேலை கிடைப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. கருவிலிருந்த குழந்தைகளை ஊனமாக்கிப் பெயர்கெட்ட தாலிடோமைடு, இன்று மைலோமா என்ற எலும்பு மச்சைப் புற்றுநோய்க்கு மதிப்பான மருந்து. ஆனால் அது நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, எண்களைக் காட்டி, ஒப்புதல் வாங்கி வந்தது. மாமன் வாங்கி வந்த அட்டையில் வரவில்லை.

என்னிடம் இப்போது யாராவது வந்து கேட்டால், எடுக்காதே என்று முதலிலேயே சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் அடுத்த தெருவில் வாங்கிக்கொள்வார்கள், எனக்கும் தெரியாமல் போகும். முதலில், கீமோ மருத்துவரிடம் சொல்லியாயிற்றா என்று கேட்கிறேன். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். அட்டையோடு போய்ச் சொல்ல வேண்டும். தொடங்கிய தேதியை எழுதிக்கொண்டு போக வேண்டும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் திட்டு விழும் என்று பயந்து மறைத்தால், என் அக்காவுக்கு நடந்ததுபோல் தேவையில்லாத ஸ்கேனும், தள்ளிப்போன கீமோவும்தான் மிச்சம். அடுத்து, காட்டும் சான்று கிண்ணத்திலா, எலியிலா, மனிதனிலா என்று பிரிக்கச் சொல்கிறேன். மனிதன் என்றால் எத்தனை பேர், கூடவே வேறென்ன எடுத்தார்கள், அது மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்களா என்று கேட்கிறேன். பெரும்பாலான காணொளிகள் இந்த மூன்றாவது கேள்வியோடு படுத்துவிடும். உண்மையாகவே புதிய மருந்தை முயல வேண்டும் என்பவர்களுக்கு, இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு இணையத்தில் எல்லாரும் தேடிப் பார்க்கும்படி திறந்திருக்கிறது. தங்கள் நோய்க்கு ஏதாவது ஆய்வு நடக்கிறதா என்று மருத்துவரிடமே கேட்கலாம். முறையான ஆய்வில் இரத்தத்தை அடிக்கடி சோதிப்பார்கள். ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நான் கொடுத்த அட்டைக்கு அந்தப் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை.

அக்கா அதற்குப் பிறகு பதினேழு மாதம் இருந்தாள். தள்ளிப்போன அந்த மூன்றரை வாரம் அதில் எதையாவது குறைத்ததா என்று மருத்துவரிடம் ஒரு முறை கேட்டேன். பெரும்பாலும் இருக்காது என்றார். பெரும்பாலும் என்ற சொல்லை அவர் எனக்காகச் சேர்த்தாரா, உண்மைக்காகச் சேர்த்தாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மாலையில் வீட்டுத் திண்ணையில் இப்போதும் ஆடு, நாய் பார்க்கிறேன். போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வெறுங்கையோடு வந்து, நாய்க்குப் பூச்சி மருந்து வேண்டும், ஃபென்பென்டசோல்தான் வேண்டும், ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்றார். நாய் என்ன எடை இருக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஐம்பத்தெட்டுக் கிலோ என்றார். எங்கள் பக்கத்தில் அவ்வளவு பெரிய நாயை நான் பார்த்ததில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து போட்டு, உட்காரச் சொல்லி, வீட்டில் யாருக்கு என்று கேட்டேன்.